சத்தம் வருதுன்னு சொன்னாங்க

பசங்க ஒரு போன் குரூப்பு வச்சிருக்காங்க. எங்கூட ஒர்க்‌ஷாப்புல வேலை பாத்தவங்க நாலு பேரு, இப்ப அவங்ககிட்ட வேலை பாக்குறவங்க ஏழெட்டு பேரு. நான் ரிட்டையர் ஆனப்பறம் என்னையும் அதுல சேத்து விட்டானுங்க. காலையில எழுந்து பாத்தா முப்பது படம் வந்து கெடக்குது. எல்லாம் ஜீப்பு, எல்லாம் பெரிய பெரிய டயரு. போன வாரம் ஒருத்தன் கேக்குறான்: "மேஸ்திரி, இருபத்தெட்டு இஞ்சு டயரை எடுத்துட்டு முப்பத்திமூணு போட்டா டிப்ரன்சியல்ல என்ன ரேஷியோ மாத்தணும்?" நான் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுறதுக்குள்ள இன்னொருத்தன் பதில் போட்டுட்டான். நம்பரைத் தட்டினா போனே சொல்லிடுதாம். பதிலும் சரியாத்தான் இருந்துச்சு.

அப்பறம் நான் எதுக்குடான்னு கேட்டேன். உங்க அனுபவத்தை எழுதுங்க மேஸ்திரின்னாங்க. சரி, எழுதறேன். பெருமையடிச்சுக்கிற மாதிரி ஏதோ எழுதுவேன்னு நெனைச்சிருந்தா அது உங்க தப்பு.

என் பேரு கலியமூர்த்தி. விருத்தாசலத்துல முப்பத்தாறு வருசம் ஸ்பேனர் புடிச்சவன். தொழில் கத்துக்கிட்டதுல பெரிய கதை ஒண்ணும் இல்ல. லாரிப் பட்டறையில அஞ்சு வருசம் கை டீசல்ல ஊறுச்சு, அப்பறம் நாமளும் மெக்கானிக்குன்னு ஊரு ஒத்துக்கிச்சு. ஜீப்பு வேலைக்கு வந்தது அதுக்கப்பறம்தான்.

வெவரம் தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. ஜீப்புக்கு அடியில, ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல, பூசணிக்கா மாதிரி உருண்டையா ஒரு இரும்புக் கூடு தொங்கும், அதுதான் டிப்ரன்சியலு. நாலு வீலும் இழுக்குற வண்டியில முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. அதுக்குள்ள பினியன்னு சின்னப் பல்சக்கரம், கிரவுன்னு பெரிய பல்சக்கரம். சின்னது எத்தனை சுத்து சுத்தினா பெருசு ஒரு சுத்து சுத்தும்ங்கறதுதான் ரேஷியோ. பெரிய டயர் மாட்டுனா எஞ்சினுக்குப் பாரம் கூடிப் போவுது. அதுக்குத் தக்க பல்லு கணக்கை மாத்தலைன்னா வண்டி மூச்சு வாங்கும். ஸ்ரீமுஷ்ணத்துல ஒரு கல்யாண மண்டபக்காரரு, மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு எடுப்பா இருக்கட்டும்னு இந்தாப் பெரிய டயரா மாட்டிக்கிட்டு வந்தாரு. முன்ன மூணாவது கியர்ல ஏறுன மேடு இப்ப ரெண்டாவதுல கூட ஏறல. எஞ்சின் போச்சு, எறக்கிடுங்கன்னாரு. எஞ்சினு மேல ஒரு குத்தமும் இல்ல சாமி, ஒங்க ஆசை மேலதான் குத்தம்னு சொன்னேன். கோவிச்சுக்கிட்டாரு.

இன்னொருத்தரு பெண்ணாடத்துக்காரரு, கரும்பு லோடு காண்ட்ராக்டு. வேற எங்கியோ பின்னாடி கூட்டை மட்டும் மாத்திக்கிட்டாரு. முன்னாடி பழைய பல்லு, பின்னாடி புதுப் பல்லு. அதோட நாலு வீலையும் போட்டுத் தார் ரோட்டுல ஓட்டியிருக்காரு. முன் சக்கரம் ஒரு வேகத்துல போகணும்ங்குது, பின் சக்கரம் வேற வேகத்துல போகணும்ங்குது. ரெண்டுக்கும் இழுவையைப் பிரிச்சுக் குடுக்குற நடுப் பெட்டி வெடிச்சு, ஆயில் ரோடு பூரா ஊத்திக்கிட்டே வந்துச்சு. அன்னையில இருந்து எங்க ஒர்க்‌ஷாப்புல முன்னாடியும் பின்னாடியும் பல்லை வாய்விட்டு எண்ணாம கூட்டை மூடக் கூடாதுன்னு ஒரு சட்டம்.

சட்டம் போட்டது செல்வராணி அம்மா. அவங்கதான் முதலாளி. வூட்டுக்காரரு ஆரம்பிச்ச ஒர்க்‌ஷாப்பு, அவரு போனப்பறம் மூடிடுவாங்கன்னு ஊரே சொன்னப்ப மறுநாளே வந்து ஷட்டரைத் தூக்கினாங்க. அதுக்கு முன்னாடி பதினோரு வருசம் ஒரு பீங்கான் கம்பெனியில கிளேஸு பூசுற பக்கம் வேலை பாத்தவங்க. பானை சட்டி செய்யுற குடும்பம். ஸ்பேனர் புடிக்கத் தெரியாது. ஆனா வண்டி வேலை முடிஞ்சு பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து நிறுத்தினா, குனிஞ்சு கூட்டு மேல பொறங்கையை வச்சுப் பாப்பாங்க. வச்ச கை வச்சபடி இருந்தா சாவி குடுப்பாங்க. வெடுக்குனு எடுத்தாங்கன்னா வண்டி திரும்ப ஸ்டாண்டு மேல ஏறணும்.

அவங்ககிட்ட இன்னொரு பழக்கம். கம்பெனியில கழிச்சுப் போட்ட வெள்ளை டைல்ஸுல ஒவ்வொரு வண்டிக்கும் ஒண்ணு எடுத்து, பென்சில்ல எழுதி வைப்பாங்க. பினியன் எத்தனை, கிரவுன் எத்தனை, யாரு எண்ணினது. வண்டி போனப்பறமும் அந்த டைல்ஸு ஒரு மாசம் அலமாரியில நிக்கும். வண்டிக்காரரு போன் பண்ணி என்ன சொன்னாலும், அது எவ்ளோ சின்ன விஷயமா இருந்தாலும், போனை எடுத்தவன் அதுல எழுதணும். அவங்க தினம் காலையில டீ கிளாஸோட வந்து வரிசையா படிப்பாங்க. திட்ட மாட்டாங்க. கோவம் வந்தா மரியாதை கூடும். "என்னங்க மூர்த்தி, இப்படிப் பண்ணிட்டீங்களேங்க"ன்னு சொன்னா அன்னைக்கு எனக்கு சோறு எறங்காது.

இப்ப மை விஷயம். புதுக் கிரவுனும் பினியனும் மாட்டுனப்பறம், பல்லுக்குப் பல்லு சரியா ஒக்காருதான்னு பாக்கணும். பல்லு மேல மையைத் தடவி, கையால சுத்துனா, எந்த எடத்துல ஒரசுதோ அங்க மை விலகி அச்சு விழும். அச்சு நடுவுல விழணும். ஓரமா விழுந்தா பினியனுக்கு அடியில மெல்லிசுத் தகடு சேக்கணும், இல்ல எடுக்கணும். திரும்ப மை, திரும்பச் சுத்து. ஒரு கூட்டுக்கு ஆறு தடவை, ஏழு தடவை ஆவும். பொறுமை இல்லாதவன் இந்த வேலைக்கு வரக் கூடாது.

அந்த மையைக் கடையில வாங்குறது எங்க ஊர்ல வழக்கமே இல்ல. தெருவுக்குத் தெரு பீங்கான் கம்பெனி இருக்கும்போது யாரு வாங்குவா? கப்பு, பொம்மைக்கெல்லாம் போடுற நீல நிறப் பொடி, மைதா மாவு மாதிரி நைஸா இருக்கும். ஒரு கை அள்ளிக்கிட்டு வந்து கிரீஸுல கொழச்சா அச்சு கண்ணாடி மாதிரி தெரியும். அப்பறம் டீசல் ஊத்தினா கரைஞ்சு போயிடும். இருபது வருசமா அதுதான் எங்க மை. என் பக்கத்து வூட்டு ஏழுமலை ஒரு கம்பெனியில கலவை போடுறவரு, அவருதான் பொட்டலம் கட்டிக் குடுப்பாரு.

அந்த ஐப்பசியில மரியதாஸ் வந்தாரு. கருவேப்பிலங்குறிச்சி தாண்டி உள்ள ஒரு ஊரு, பேரு வேணாம். தார் ரோட்டுல இருந்து மூணு கிலோமீட்டர் களிமண் பாதை, நடுவுல ஒரு ஓடை. மழை பேஞ்சா ஆம்புலன்சு தார் ரோட்டோட நின்னுடும். அவரு சம்சாரம் பிலோமினாவுக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. செவ்வாயும் வெள்ளியும் டவுனுக்கு வந்து மிஷின்ல ரத்தம் சுத்தம் பண்ணணும். ஒரு தடவை விட்டா மூச்சு முட்டும், ரெண்டு தடவை விட்டா ஆளு இருக்காது. முந்தின வருசம் மழையில டிராக்டர்ல ஏத்திக்கிட்டு வந்து, குலுங்கின குலுக்கல்ல பாதி வழியிலயே மயங்கிட்டாங்களாம். அதனாலதான் பட்டாளத்து ஏலத்துல ஒரு பழைய ஜீப்பை எடுத்தாரு. சேத்துல பொதையாம இருக்க முப்பத்திமூணு இஞ்சு டயரு மாட்டினாரு. மாட்டினதுல வண்டி இழுக்காம, ஓடை மேட்டுல கிளட்ச் கருகி நின்னுடுச்சு. வண்டியில பிலோமினாவை வச்சுக்கிட்டு.

"அண்ணே, எனக்கு வேகம் வேணாம். அது நிக்கக் கூடாது, அவ்ளோதான்"ன்னாரு மரியதாஸ்.

பழைய பல்லு நாப்பத்தொண்ணுக்கு ஒம்போது. நாங்க போட்டது நாப்பத்திமூணுக்கு எட்டு. முன்னாடியும் பின்னாடியும் வாய்விட்டு எண்ணினேன், அம்மா டைல்ஸுல எழுதினாங்க. புதன்கிழமை முன்னாடி கூட்டை முடிச்சேன். அதோட டப்பாவுல மை தீந்துச்சு. வெள்ளிக்கிழமை மிஷினு, வியாழக்கிழமை சாயந்தரம் வண்டி வேணும். ஏழுமலைக்குப் போன் பண்ணா, டீ குடிக்க வந்திருக்கேன், நீயே போயி அள்ளிக்கண்ணே, எடம்தான் தெரியுமேன்னாரு. போனேன். ரெண்டு தொட்டி இருந்துச்சு. ஒண்ணுல அள்ளிக்கிட்டு வந்தேன்.

கொழைக்கும்போதே பாத்தேன், நீலம் தூக்கலா இல்ல. வெளிறிப் போயி இருந்துச்சு. ஏழுமலைக்கு இன்னொரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். இன்னும் ரெண்டு கரண்டி சேத்துப் போட்டுக் கொழச்சேன். பின்னாடி கூட்டுல ஏழு தடவை தடவி ஏழு தடவை சுத்தினேன். அச்சு அப்படியே நடுவுல விழுந்துச்சு. டீசல் ஊத்திக் கழுவி, ஆயில் ஊத்தி மூடினேன். பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்தேன், அம்மா பொறங்கையை வச்சாங்க, கை நின்னுச்சு. சாவி குடுத்தாச்சு.

பதிமூணு நாள் கழிச்சு, ஒரு புதன்கிழமை மத்தியானம் மரியதாஸ் போன் பண்ணாரு. நான் சாப்புட்டுட்டு சாஞ்சிருந்தேன். வெளியில மழை.

"அண்ணே, பின்னாடி ஒரு சத்தம் வருதுண்ணே. ஊய்ய்னு."

"புதுப் பல்லு தம்பி. கொஞ்ச நாள் பாடும்."

"கூடும் சூடாவுது."

"மொதல்ல அப்படித்தான் இருக்கும். போகப் போக செட்டாயிடும்."

"அப்ப ஒண்ணும் ஆவாதுல்ல?"

"ஒண்ணும் ஆவாது, ஓட்டு."

போனை வச்சேன். டைல்ஸுல எழுதணும். எழுதினா அம்மா படிப்பாங்க, படிச்சா போயிப் பாத்துட்டு வாங்கன்னு சொல்லுவாங்க. அந்த மழையில பைக்கை எடுத்துக்கிட்டு அவ்ளோ தூரம் போவ எனக்கு மனசு இல்ல. எழுதல. காரணம் அதுதான், வேற எதுவும் இல்ல. பூசி மொழுகுறதுக்காக நான் இதை எழுத ஒக்காரல.

வெள்ளிக்கிழமை காலையில வேற ஒரு ஜீப்பை ஸ்டாண்டு மேல ஏத்தியிருந்தேன். அதே டப்பாவைத் திறந்து பல்லுல தடவப் போறேன், அம்மா டீ கிளாஸோட அந்தப் பக்கம் வந்தாங்க. நின்னாங்க.

"அது என்னங்க நீலம் இப்படி வெளுத்துக் கெடக்குது?"

ஒரு துளி எடுத்து ரெண்டு விரலுக்கு நடுவுல தேச்சாங்க. அப்பறம் பீங்கான் கம்பெனிக்காரங்க மண்ணு பாக்குற மாதிரி, விரலை முன்பல்லுல வச்சு லேசாக் கடிச்சாங்க. கடிச்சபடியே என்னைப் பாத்தாங்க. திரும்பி எச்சியைத் துப்பினாங்க.

"நறநறங்குதுங்க. இது நிறம் இல்ல, கிளேஸு."

கிளேஸுன்னா பீங்கான் மேல பளபளப்பு வர்றதுக்குப் பூசுறது. கண்ணாடித் தூளும் மணல் மாவும். அதை ஏழு தடவை பல்லுல தடவிச் சுத்தியிருக்கேன். அது வழிஞ்சு பினியன் பேரிங்குக்குள்ள எறங்கியிருக்கும். டீசல்ல கரையாது. பதினஞ்சு நாளா உள்ள ஒக்காந்து பேரிங்கை அரைச்சுக்கிட்டு இருக்குது.

"இதை வேற எதுல போட்டீங்க?"

"மரியதாஸ் வண்டி. பின்னாடி கூடு மட்டும்."

அலமாரிக்குப் போயி அந்த டைல்ஸை எடுத்தாங்க. பல்லுக் கணக்குக்குக் கீழ ஒண்ணும் இல்ல. வெள்ளையா இருந்துச்சு.

"அவரு ஏதாச்சும் போன் பண்ணாருங்களா?"

இல்லன்னு சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு. எப்படி அதை முழுங்கினேன்னு இன்னைக்கும் தெரியல.

"பண்ணாரு. முந்தாநேத்து. சத்தம் வருதுன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"செட்டாயிடும்னேன்."

அம்மா டைல்ஸைக் கீழ வச்சாங்க. "இன்னைக்கு வெள்ளிக்கிழமைங்க மூர்த்தி"ன்னாங்க.

மணி ஏழேகால். மரியதாஸ் போனு ஸ்விட்ச் ஆஃப். ராத்திரி பூரா மழை, அந்தப் பக்கம் கரண்டு இருந்திருக்காது. எட்டரைக்கெல்லாம் கெளம்பிடுவாங்க. பேரிங்கு எந்த எடத்துல இறுகி நிக்கும்னு யாருக்குத் தெரியும்? ஓடைக்கு நடுவுல நிக்கலாம். நான் ஸ்பேனருங்க, பாலித்தீன் பை, டியூப் ரப்பரு எல்லாத்தையும் ஒரு சாக்குல போட்டேன். அம்மா அதுக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுட்டாங்க. பத்தரைக்குள்ள வந்தா மிஷினு குடுப்பாங்களாம், தாண்டினா அடுத்த ஆளுக்கு. "நீங்க போங்க. நான் அங்க போயி நின்னு மிஷினைப் புடிச்சு வைக்கிறேன்"ன்னாங்க.

தார் ரோடு முடியுற எடத்துல பைக்கைப் போட்டுட்டு சாக்கைத் தோள்ல மாட்டிக்கிட்டு நடந்தேன். களிமண்ணு செருப்பைப் புடுங்கிடுச்சு. ஓடையில முழங்காலுக்கு மேல தண்ணி, இழுக்குது. ஒரு கழியை ஊனிக்கிட்டே தாண்டினேன். அம்பத்தாறு வயசு எனக்கு அப்ப, சர்க்கரை வேற. தாண்டி முன்னூறு அடி போனா ஜீப்பு நிக்குது. பின்னாடி இருந்து பொகையும் கருகின ஆயில் நாத்தமும். மரியதாஸ் மழையில பானெட்டைத் திறந்து வச்சுக்கிட்டு எஞ்சினைப் பாத்துக்கிட்டு இருந்தாரு. பிலோமினா முன்சீட்டுல, மூஞ்சி வீங்கிப் போயி, கையில ஆஸ்பத்திரி பையோட.

"அண்ணே, நீங்க எப்படிண்ணே இங்க?"ன்னாரு மரியதாஸ்.

"என் தப்பு தம்பி. பின்னாடி கூட்டுல நான் போட்ட மையில கண்ணாடித் தூளு இருந்துச்சு. பேரிங்கு போயிடுச்சு. என்னை அடிக்கிறதா இருந்தா அப்பறம் அடி, இப்ப கீழ படுக்கணும்."

அவரு மூஞ்சி மாறிடுச்சு. பானெட்டை மெதுவா மூடினாரு.

கூட்டைத் தொட்டுப் பாத்தேன், மழையிலயும் கை வைக்க முடியல. இனிமே அது ஒரு சுத்து கூடச் சுத்தக் கூடாது. ஆனா முன்னாடி கூடு நல்ல மையில செஞ்சது, அதுல பழுது இல்ல. பின்னாடி ஆக்சில் ஷாப்டு ரெண்டையும் உருவிட்டா பின் சக்கரம் சும்மா உருளும், கூட்டைச் சுத்தாது. பட்டாளத்து வண்டியில அதுக்குச் சக்கரத்தைக் கழட்ட வேண்டியதில்ல, நடுவுல இருக்குற போல்ட்டுங்களைக் கழட்டினா போதும். அப்பறம் எஞ்சின்ல இருந்து பின்னாடிக்கு வர்ற நீள ஷாப்டு, அதையும் எடுத்துட்டா வண்டி முன் சக்கரத்தால மட்டும் ஓடும். பக்கத்துக்கு ஆறு போல்ட்டு, நீள ஷாப்டுல எட்டு. மொத்தம் இருபது.

சேத்துல மல்லாக்கப் படுத்தேன். முதுகுக்கு அடியில தண்ணி ஓடுது. கண்ணுல சேறு சொட்டுது. கழட்டின போல்ட்டுங்களை எங்க வைக்கிறதுன்னு முழிச்சேன், சேத்துல வச்சா போச்சு. பிலோமினா சீட்டுல இருந்து கையை நீட்டினாங்க. "எங்கிட்ட குடுங்கண்ணே"ன்னு முந்தானையில வாங்கி வாய்விட்டு எண்ண ஆரம்பிச்சாங்க. ஒண்ணு. ரெண்டு. மூச்சு எளைக்க எளைக்க எண்ணினாங்க. ஒவ்வொரு நம்பருக்கும் நடுவுல இருந்த எடைவெளி கூடிக்கிட்டே போனதைக் கேட்டுக்கிட்டே நான் ஸ்பேனரைத் திருப்புறேன். பதினாலாவது போல்ட்டு தலை வழுக்குது. சுத்தியால தட்டி, திரும்ப மாட்டி, பல்லைக் கடிச்சுக்கிட்டு இழுத்தேன். விரல் முட்டி ரெண்டு கிழிஞ்சுது. வந்துச்சு. கடைசி ஒண்ணு கை நழுவித் தண்ணியில போயிடுச்சு.

"பத்தொம்போதுதான் இருக்குதுண்ணே."

"அது போவட்டும்மா."

"இல்லண்ணே, எண்ணினவ கணக்கு சொல்லணும்ல"ன்னு சிரிச்சாங்க. அந்த நெலமையில அந்தம்மாவுக்குச் சிரிப்பு வந்துச்சு.

ஷாப்டு உருவின ரெண்டு ஓட்டையையும் பாலித்தீனை வச்சு டியூப் ரப்பரால இறுக்கிக் கட்டினேன். மணி ஒம்போதே முக்கால். அடுத்து ஓடை. முன் சக்கரம் மட்டும் இழுக்குற வண்டி, எதிர் மேட்டுல ஏறும்போது பாரம் பின்னாடி போயிடும், முன்னாடி சக்கரம் சும்மா சுத்தும். நடு ஓடையில நின்னா அவ்ளோதான். அதனால அங்க இருந்த ஒரு களத்துல வண்டியைத் திருப்பச் சொன்னேன். ரிவர்ஸுல போனா இழுக்குற சக்கரம் கீழ்ப்பக்கம் இருக்கும், பாரம் அது மேல அழுத்தும்.

"ரிவர்ஸுல ஓடையா? தண்ணி எப்படிப் போவுது பாத்தீங்களாண்ணே?"

"பாத்துக்கிட்டுத்தான் தம்பி தாண்டி வந்தேன். நான் முன்னாடி நடக்கிறேன், என் தலையை மட்டும் பாத்துக்கிட்டு வா. கிளட்சை அமுக்கவே அமுக்காத."

நான் எறங்கினேன். கழியால தரையைக் குத்திக் குத்தி, காலுக்குக் கெட்டியாத் தட்டுப்படுற எடத்துல நடந்தேன். பின்னாலயே ஜீப்பு பின்பக்கமா வருது. மரியதாஸ் கழுத்தைத் திருப்பி என் தலையையே பாக்குறாரு. பிலோமினா மட்டும் எதிர்ப்பக்கம், விட்டுட்டு வந்த ஊரைப் பாத்த மாதிரி ஒக்காந்து, வாயில ஏதோ ஜெபம். நடுவுல தண்ணி தொடைக்கு வந்துச்சு, வண்டி ஒரு சாண் ஒதுங்குச்சு. வா, வான்னு கையை ஆட்டினேன். மேட்டுல முன் சக்கரம் ரெண்டு சுத்து வழுக்குச்சு. மூணாவது சுத்துல புடிச்சுது. நாப்பத்திமூணுக்கு எட்டு. அவசரமே இல்லாம, ஆமை மாதிரி, ஏறி வந்து நின்னுச்சு. நான் அங்கயே ஒக்காந்துட்டேன்.

தார் ரோட்டுல ஆட்டோவுக்குக் காத்திருக்க நேரம் இல்ல. முன் சக்கரத்துலயே டவுனுக்கு விட்டோம். ஆஸ்பத்திரி வாசல்ல எறங்கும்போது பத்து முப்பத்தஞ்சு. அஞ்சு நிமிசம் தாண்டிடுச்சு. உள்ள ஓடினா செல்வராணி அம்மா அந்த மிஷின் பக்கத்துல, கட்டிலோட கம்பியைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. அடுத்த ஆளோட மகன் கத்திக்கிட்டு இருக்கான். அம்மா அவனை "தம்பிங்க, தம்பிங்க"ன்னு அவ்ளோ மரியாதையாக் கூப்புட்டுக்கிட்டு இருந்தாங்க. கம்பியை மட்டும் விடல.

மிஷின் ஓட ஆரம்பிச்சு ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் என்னை உள்ள விட்டாங்க. சேறு காஞ்சு மேலெல்லாம் வெடிச்சிருந்துச்சு. கட்டில் பக்கத்துல போயி நின்னேன். மன்னிச்சுக்கம்மான்னேன். புதன்கிழமை உங்க வூட்டுக்காரரு சொன்னப்பவே வந்திருக்கணும், செட்டாயிடும்னு சொல்லிட்டேன்னேன்.

பிலோமினா கோவப்படல. குழாய் சொருகாத கையால பைக்குள்ள தேடி, முந்தானையில இருந்து மாத்தி வச்சிருந்த போல்ட்டுங்களை எடுத்து என் கையில குடுத்தாங்க.

"எனக்கும் மொதல்ல கால்தாண்ணே வீங்குச்சு"ன்னாங்க. "போயிக் காட்டினேன். அப்ப இவ்ளோ இல்ல. போகப் போக சரியாயிடும்னு சொல்லி அனுப்பிட்டாங்க."

கண்ணை மூடிக்கிட்டாங்க. நான் பத்தொம்போது போல்ட்டை ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு அங்கயே நின்னேன். எனக்கு அழுவை வந்துடுச்சு.

சாயந்தரம் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தேன். அம்மா அந்த டைல்ஸையும் பென்சிலையும் என் முன்னாடி வச்சுட்டுப் போயிட்டாங்க. எழுதினேன். அப்பறம் ஞாயிறு திங்கள் ரெண்டு நாளும் அந்த வண்டியோட பின்னாடி கூட்டை நானே பிரிச்சு, புதுப் பேரிங்கு போட்டு, செவ்வாய்க்கிழமை விடியறதுக்குள்ள கொண்டு போயி விட்டேன். தண்ணியில போன ஒண்ணுக்குப் புதுசு வாங்கி, இருபது போல்ட்டையும் வாய்விட்டு எண்ணித்தான் முடுக்கியிருந்தேன்.

பிலோமினா அதுக்கப்பறம் மூணு மழைக்காலம் இருந்தாங்க. ஜீப்பு ஒரு நாளும் நிக்கல. நான் ரிட்டையர் ஆனப்ப அம்மா என்ன வேணும்னு கேட்டாங்க, அந்த டைல்ஸைக் கேட்டு வாங்கிக்கிட்டேன். இப்ப எங்க வூட்டுல டிவிக்கு மேல இருக்குது. ரேஷியோ கேட்ட தம்பிக்கு அதையே படம் புடிச்சு குரூப்புல போட்டிருக்கேன். மேல கணக்கு இருக்குது, நாப்பத்திமூணுக்கு எட்டு, போன் சொன்ன அதே பதில்தான். அதுக்குக் கீழ என் கையெழுத்துல:

சத்தம் வருதுன்னு புதன்கிழமை சொன்னாங்க. கலியமூர்த்தி போயிப் பாக்கல.